மூடி திறக்காமல் திரும்பிப் போன பாத்திரம் குறித்து

அனுப்புநர்:
சுவைபார்க்கும் உறுப்பினர், பள்ளி உணவுக் குழு,
(எடை அளவைத் துறையில் முத்திரைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்)
பள்ளி வாயிலுக்கு எதிர் வீடு.

பெறுநர்:
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் ஊட்ட உணவுத் திட்டம்,
பள்ளிகள் மற்றும் குழந்தைகள் மையங்கள் பிரிவு.

பொருள்: காலை எண்ணிக்கைக்குப் பின் வந்து சேரும் பிள்ளைகளுக்கு மதிய உணவு இல்லாமற் போனது – பள்ளியின் உணவளவு இருமுறை குறைக்கப்பட்டது – நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வருவதை நிறுத்தியது – ஆவன செய்ய வேண்டுதல்.

பார்வை: 1. இதே பொருள் குறித்து நான் முன்னர் அளித்த மனுக்கள். 2. அவற்றுக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசைக்கு நாள்தோறும் வந்து குவியும் தாள்களின் மேல் இன்னும் ஒரு தாளை வைக்க நேர்ந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். முன்னர் அனுப்பியவற்றில் வழக்கைச் சுருக்கிச் சொன்னேன். சுருக்கியதால்தான் புரியாமற் போயிற்றோ என்ற ஐயத்தால் இம்முறை நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. நான் பணியில் இருந்த காலமெல்லாம் கடைத்தெருக்களின் படிக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரையிட்டவன். அளவில் குறைவு செய்பவனை இறைவன் கேட்பான் என்று மறைநூலில் ஓதியதை, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் பேறு பெற்றவன். ஓய்வுக்குப் பின் எதிரிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியை என்னை உணவுக் குழுவில் சேர்த்தார். நண்பகலில் மையச் சமையலறையின் வண்டி வரும். பெரிய பாத்திரங்களுடன் சுவைபார்ப்பவர்க்கென்று மூடியிட்ட சிறு கிண்ணம் ஒன்றும் இறங்கும். அதை உண்டு, சிறிது நேரம் காத்திருந்து, எனக்கு ஒன்றும் நேரவில்லை என்று உறுதியானபின் 'உண்ணத் தக்கது' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதன் பிறகே பிள்ளைகளுக்குப் பரிமாறுவர். வயதானவன் முதலில் சாகட்டும் என்ற ஏற்பாடு என்று என் மருமகள் கேலி செய்வாள். நான் அதை ஒரு வழிபாடாகவே செய்துவருகிறேன்.

2. என் புகார் உணவின் தரத்தைப் பற்றியதன்று என்பதை ஐயம் திரிபறத் தெரிவித்துக்கொள்கிறேன். சோற்றில் கல் இல்லை. பருப்பு வெந்திருக்கும். முட்டை உரிக்கும்போது மணமாக இருக்கும். ஆணையிட்ட எடையிலும் குறைவில்லை, பழக்கத்தால் கையில் தூக்கியே பார்த்துவிட்டேன். எழுதி அனுப்பிய தலைகளுக்கு ஆணையில் எழுதிய அளவு பிசகாமல் வருகிறது. அந்தப் பிசகாமைதான் இம்மனுவின் பொருள்.

3. முன்பு பள்ளியின் பின்கட்டிலேயே சமையல் நடந்தது. பிள்ளைகள் 'சாப்பாட்டம்மா' என்றழைக்கும் அம்மையார் அங்கே சமைத்தார். வந்திருக்கும் தலைகளுக்கு உலை வைத்தபின், மேலும் கொஞ்சம் அள்ளிப் போடுவது அவர் கைவழக்கம். அதை அடுப்போரத்தில் தனியே மூடிவைப்பார். பிந்தி வரும் பிள்ளைக்கு என்று பெயர். ஒருமுறை, இது எந்த விதியில் உள்ளது என்று நான் கேட்டேன். "விதியில இல்லீங்கய்யா, என் கையில இருக்கு. யாராச்சும் வந்தா சாப்பிடட்டும். வரலன்னா நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். நல்ல உடல்வாகு உடையவர்; அடுப்படியில் இருந்த ஆசிரியைகள் எல்லோரும் சிரித்தார்கள். புகையால் அவர் இருமியதும், மழையில் கூரை ஒழுகியதும் உண்மை. ஆகவே சமையற்கட்டு மூடப்பட்டு மையச் சமையலறை வந்ததை நான் எதிர்க்கவில்லை. இப்போது அவ்வம்மையார் பரிமாறுபவராக இருக்கிறார்.

4. இன்றைய முறை இது. முதல் மணி அடித்ததும் ஆசிரியைகள் வந்துள்ள பிள்ளைகளை எண்ணிக் கைப்பேசியில் பதிவர். பதிவு மூடிக்கொண்டால் அன்று அதைத் திருத்த வழியில்லை. அந்த எண்ணுக்கே பாத்திரங்கள் வரும். மணிக்குப் பின் வரும் பிள்ளை பாடத்துக்கு உண்டு, உணவுக்கு இல்லை.

5. நான்காம் வகுப்பில் படித்த பெண் ஒருத்தியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. நாள் தவறாமல் பிந்தி வருவதால் பிள்ளைகள் அவளுக்கு 'லேட்டு' என்று பட்டம் வைத்தனர். அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள். தாய் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. விடியுமுன் போய்விடுவார். தந்தை வெளியூர் வேலைக்குப் போனவர். வேலை இருக்கிறது, அவரைத்தான் காணோம். தம்பியை இடுப்பில் சுமந்து பள்ளித் தெருக்கோடியில் உள்ள குழந்தைகள் மையத்தில் விட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வர வேண்டும். மையமோ பள்ளி மணி அடித்த பின்னரே திறக்கிறது. அங்கே பணிபுரியும் பெண், கிடங்கில் முட்டையும் பால்மாவும் வாங்கிக்கொண்டு பேருந்தில் வந்து சேர வேண்டும். சற்று முன்னதாக வரலாகாதா என்று கேட்டேன். "சாவி என்கிட்ட இருக்கு தாத்தா. பஸ் என்கிட்ட இல்லியே" என்றாள்.

6. ஐயா, அந்த மையமும் இந்தப் பள்ளி உணவும் ஒரே திட்டத்தைச் சேர்ந்தவை. இரண்டின் வாயிற்பலகையிலும் ஒரே சின்னம். இரண்டின் நேர ஆணையிலும் தங்கள் ஒரே கையொப்பம். தம்பியின் உணவைக் காக்கப் போனால் அக்காளின் உணவு போகிறது. அந்த மூடிய கதவுக்கு முன், ஒரு காலில் நின்று மறுகாலால் கொசுவைத் தட்டிக்கொண்டு, தூங்கும் தம்பியோடு அவள் நின்றதை என் சன்னலிலிருந்து பல காலைகள் கண்டிருக்கிறேன். கதவு திறந்ததும் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு ஓடுவாள். ஓடி என்ன? எண்ணிக்கை அவளுக்கு முன்பே ஓடிவிடும்.

7. எளிய வழிகள் உண்டே, அவற்றைப் பார்த்தீரா என்று தாங்கள் கேட்கக்கூடும். பார்த்தேன்.
(அ) மையம் திறக்கும்வரை அந்தத் தம்பியை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். தாயார் சம்மதித்தார். தம்பி சம்மதிக்கவில்லை. என் மணிக்கட்டைக் கடித்துவிட்டு அக்காளைத் தேடி நடுத்தெருவுக்கு ஓடினான். ஒரு லாரி ஓட்டுநரின் புண்ணியத்தால் பிழைத்தான். கடித்த தழும்பை இம்மனுவுடன் இணைக்க இயலவில்லை.
(ஆ) தலைமையாசிரியை இரக்கப்பட்டு, எப்படியும் வந்துவிடுவாள் என்று அவளையும் சேர்த்தே பதிந்தார். தம்பிக்குக் காய்ச்சல் கண்டு அவள் வராத ஒரு நாளில் மேற்பார்வையாளர் வந்து தலைகளை எண்ணினார். இல்லாத பிள்ளைக்கு உணவு பெற்றதாகத் தலைமையாசிரியைக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அன்றோடு அவர் கை நின்றது.
(இ) என் வீட்டில் உண்ணுமாறு அழைத்தேன். வாயிற்படிவரை வந்து நின்றாள். "வேணாம் தாத்தா. எனக்கு மட்டும் தனியா போட்டா எல்லாரும் பாப்பாங்க. வரிசையில போட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கேட்டது சோறு மட்டுமன்று, ஒரு தட்டின் அகலத்துக்கு ஓர் இடம். அதை என் வீட்டில் என்னால் கொடுக்க முடியவில்லை.

8. சாப்பாட்டம்மாவின் கைவழக்கம் மீண்டும் தலைகாட்டியது இந்நிலையில்தான். வரும் பாத்திரங்களில் ஒன்றை அவர் கடைசிவரை திறக்காமல் வைத்தார். மற்றவற்றிலிருந்து அகப்பையைச் சற்றே தாழ்த்திப் பரிமாறி, பதிவில் உள்ள பிள்ளைகள் உண்டு எழுந்தபின், அந்தப் பாத்திரத்தைத் திறந்து லேட்டுக்கும் அவளைப் போன்ற வேறு சிலருக்கும் போடுவார். பதிவுள்ள பிள்ளைக்கு இல்லாமற் போயிற்று என்று ஒருவரும் விரல்நீட்டக் கூடாது என்பதால்தான் அந்தக் கடைசிப் பந்தி. சில வாரங்கள் யாவரும் உண்டனர். பிறகு வண்டியின் பாதை மாற்றப்பட்டது. காலிப் பாத்திரம் எடுக்க முன்னதாகவே வரத் தொடங்கிற்று. அம்மையார் சிறுபிள்ளைகளுக்குக் கைகழுவி விட்டுக்கொண்டிருந்தபோது, மூடிய பாத்திரமும் காலிகளோடு வண்டியேறிற்று. வண்டியை நிறுத்தி, பாத்திரங்களை ஏற்றுபவரிடம் முறையிட்டேன். "பெரியவரே, நான் எடுத்து வைக்கிறவன். எல்லாம் ஏறலன்னா எனக்கு மெமோ. உள்ள என்ன இருக்குன்னு பாக்க எனக்கு உத்தரவு இல்ல" என்றார். அவர்மேல் குற்றமில்லை. பிள்ளைகள் உண்ணும் தாழ்வாரத்தின் சுவரோரம் கையில் தட்டோடு நின்ற லேட்டைப் பார்த்து ஒரு சிறுவன், "உன் சோத்தை வண்டி தின்னுட்டுப் போயிடுச்சு" என்றான். எல்லோரும் சிரித்தனர். அவளும் சிரித்தாள்.

9. வண்டி வரும் நேரம் நாளுக்கு நாள் மாறியதால், அந்த வாரத்தில் அவ்வாறு மேலும் ஓரிரு முறை நேர்ந்தது. திரும்பி வரும் பாத்திரங்களை மையச் சமையலறையில் நிறுத்துப் பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. மூடி திறவாத பாத்திரம் திரும்பியதால், இப்பள்ளிக்கு உணவு மிஞ்சுகிறது என்று முடிவு செய்யப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை ஒரு பாத்திரம் குறைவாக இறங்கியது. பசித்த பிள்ளைக்காக எடுத்து வைத்த உணவே, பசி இல்லை என்பதற்குச் சான்றாயிற்று.

10. இதற்குப் பின் நடந்ததை எழுதும்போது என் பேனா தயங்குகிறது. ஒரு பாத்திரம் குறைந்ததும் பிள்ளைகள் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். யார் தொடங்கியது என்று தெரியவில்லை. அந்தக் கேலி செய்த சிறுவனாகவே இருக்கலாம். பரிமாறும்போது அரை அகப்பை விழுந்ததும் ஒவ்வொருவராகத் தட்டைக் கையால் மறைத்து, "போதும்மா" என்றனர். சாப்பாட்டம்மா, "ஏண்டா, வயிறு சரியில்லையா?" என்று வரிசை நெடுகக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் லேட்டின் முன் வந்து நின்றபோது பாத்திரத்தின் அடியில் அவளுக்கென்று மிஞ்சியிருந்ததைப் பார்த்தபின்தான் அவருக்கு விளங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா கத்துக்கிட்டீங்கடா, திருட்டுப் பசங்களா" என்று திட்டினார். உண்பதற்கு முன் அப்பிள்ளைகளை நான் ஒரு வேண்டுதல் சொல்லவைப்பது வழக்கம். அது 'எல்லார்க்கும்' என்ற சொல்லில் முடியும். அச்சொல்லின் பொருளை நான் அவர்களுக்கு விளக்கியதே இல்லை.

11. சில நாள் இவ்வாறு சென்றது. அப்போது மேற்பார்வையாளர் மறுபடியும் வந்தார். அவர் நேர்மையானவர், கண்டதை எழுதுபவர். அவர் கண்டது, அரை அகப்பைக்கே பிள்ளைகள் போதும் என்பதை. 'மாணவர் குறைவாகவே உண்கின்றனர். அளவு இன்னும் மிகுதி' என்று எழுதினார். நான் அவரைத் தனியே அழைத்துச் சென்று அனைத்தையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். "ஐயா, நீங்க சொல்றது புரியுது. ஆனா போதும்னு சொல்ற பிள்ளைக்குப் பத்தலன்னு நான் எப்படி எழுதுறது? லேட்டா வர்றவங்கன்னு எங்க பாரத்துல ஒரு கட்டமே கிடையாதே. மேல என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க" என்றார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அளவு இரண்டாம் முறையும் குறைக்கப்பட்டது. இனிப் பிள்ளைகள் போதும் என்று சொல்ல இயலவில்லை. சொல்லத்தக்க அளவுக்குத் தட்டில் ஒன்றும் விழவில்லை.

12. பிந்தி வந்த மற்றவர்கள் இதற்குள் மணிக்கு முன் ஓடிவரப் பழகிவிட்டனர்; லேட்டுக்கு எஞ்சியிருந்தது என் சிறு கிண்ணம். அதில் ஒரு கரண்டி மட்டும் உண்டு, மிச்சத்தை லேட்டின் தட்டில், வரிசையிலேயே, சாப்பாட்டம்மாவின் கையால் போடச் செய்தேன். யாரும் கவனிக்காத அளவுக்கு இயல்பாக நடந்தது. அதுவும் தெரிய வந்து, சுவைபார்க்கும் மாதிரி உணவைச் சிறார்க்கு அளிப்பது பாதுகாப்பு விதிக்கு மாறானது என்றும், மிச்சத்தை மாலைவரை மூடிவைத்துப் பின் கொட்டிவிட வேண்டும் என்றும் எழுத்து மூலம் அறிவுறுத்தப்பட்டேன். விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. நஞ்சு இருந்தால் நானே ஏற்க வேண்டும். நஞ்சு இல்லையென்று நான் சான்று தந்தபின்னும் அது அவளுக்கு ஆகாது என்பதுதான் புரியவில்லை. அறுசுவைக்கும் அடைமொழி தேடிய நம் பழம்புலவர்கள் பசியை நோய் என்று ஒரே சொல்லில் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அதை நான் பாட்டின் நயமென்று எண்ணி மனனம் செய்தவன். குப்பைத்தொட்டிமுன் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது அது நயமன்று, வெறும் செய்தி என்று தெரிந்தது.

13. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் வந்தாள். மற்றவர் வரிசையில் அமர, அவள் சுவரோரம் அமர்ந்தாள். வேண்டுதலின்போது கண்மூடி, கைகூப்பி, 'எல்லார்க்கும்' என்று அவளும் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வேண்டுதலை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று ஆசிரியைகளிடம் கூறியுள்ளேன். அடுத்த வாரம் முதல் அவள் வரவில்லை.

14. சலவைக்கூடத்துக்குச் சென்று பார்த்தேன். கொதிநீர் ஆவிக்கு அப்பால், அழுக்குத் துணி மூட்டைகளின்மேல் தம்பி உறங்கிக்கொண்டிருந்தான். அவள் தலையணை உறைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். பள்ளியில் நிற்பது போலவே நின்றாள். தாயார் ஈரக் கையைத் துடைத்தபடி, "அங்க பசியோட உக்காந்து மத்தவங்க வாயைப் பாக்கறதுக்கு, இங்க என் கண்ணு முன்னாடி இருக்கட்டும் பெரியவரே. கேன்டீன்ல மிஞ்சுற ரொட்டியாவது கிடைக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இப்போது தம்பியும் மையத்துக்குப் போவதில்லை. அவன் உணவைக் காக்கவே எல்லாம் தொடங்கிற்று என்பதை நினைவூட்டிக்கொள்கிறேன்.

15. என் முந்தைய மனுவுக்குத் தங்கள் அலுவலகம் அளித்த பதிலின் வாசகம் இது: 'மேற்படி பள்ளியில் உணவு பலமுறை உண்ணப்படாமல் திரும்பியதும், மாணவர் குறைவாக உண்பதும் கள ஆய்வில் தெரிய வருவதால், பற்றாக்குறை என்ற மனுதாரரின் கூற்றுக்கு ஆதாரமில்லை. மனு முடித்து வைக்கப்பட்டது.' இதில் ஒரு சொல்லும் பொய்யன்று. அதனால்தான் இதனை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. பள்ளிக்கு அவள் வருவதில்லை. ஆகவே பதிவில் உள்ள தலைகளுக்கும் வரிசையில் உள்ள தலைகளுக்கும் இப்போது வேறுபாடு இல்லை. மையத்தில் தம்பி இல்லை; அங்கும் கணக்கு நேராயிற்று. நான் பணியில் இருந்திருந்தால் இந்தத் தராசுக்கு முத்திரையிட்டிருப்பேன்.

16. ஆகவே, அதிகம் எதிர்பார்க்கும் மனநிலையில் இல்லாமலே, கீழ்க்கண்டவற்றைப் பணிந்து வேண்டுகிறேன். குழந்தைகள் மையத்தைப் பள்ளி மணிக்கு முன் திறக்கவோ, அன்றேல் மையம் திறந்தபின் பள்ளியின் எண்ணிக்கையை மூடவோ ஓர் ஆணை பிறப்பிக்கலாம். இரண்டு கையொப்பங்களும் தங்களுடையவையே. குறைக்கப்பட்ட பாத்திரங்களைத் திரும்ப அளிக்கலாம். இவற்றுக்கு மேலிடத்து ஒப்புதல் தேவையெனில், ஒன்றை மட்டுமாவது தாமதியாது செய்தருள வேண்டும். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை மாத முடிவில் வருகைப் பதிவிலிருந்து நீக்கிவிடுவர். அவளுடைய பெயரை நீக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். பெயர் இருந்தால், என்றேனும் ஒரு நாள் அவள் பிந்தி வரலாம். பெயர் போய்விட்டால் பிந்தி வருவதற்கும் இடமில்லை.

17. இறுதியாக ஒன்று. பெரிய பாத்திரங்கள் குறைந்த எந்த நாளிலும் சுவைபார்ப்பவரின் கிண்ணம் குறைந்ததில்லை. எனக்கென்று விதியில் ஒரு கட்டம் இருக்கிறது. இன்றும் அது மூடி பிதுங்க நிறைந்தே வந்தது. ஒரு கரண்டி உண்டேன். முறைப்படி காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் நேரவில்லை. 'உண்ணத் தக்கது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மிச்சத்தை இம்மனுவை எழுதி முடித்தபின் கொட்ட வேண்டும்.

தங்கள் கடிதத்துக்கு அன்றி, அதன் பயனுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
சுவைபார்க்கும் உறுப்பினர்.

இடம்: பள்ளி வாயிலுக்கு எதிர் வீடு.
நாள்: மாத முடிவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை.

நகல்: தலைமையாசிரியை அவர்களுக்கு, பெயர் நீக்கத்தைச் சற்றே தள்ளிவைக்கும் வேண்டுகோளுடன்.